மறுத்து எழுதாத ஓலை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் நீதியின் விலை ஓலைக்கு ஒரு பணம். வழக்காட வருகிறவர்கள் போட்ட கூச்சலில் அந்த நாட்டு ராஜாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. "இனிமேல் வழக்கை யாரும் வாயால் சொல்லக் கூடாது. எல்லாம் ஓலையில் வரட்டும். எட்டு நாளுக்குள் எதிரி மறுத்து எழுதாத வரி, அவன் ஒப்புக்கொண்ட வரி" என்று சட்டம் போட்டார்.

பிரதானி நரசிங்கராயருக்குக் கொள்ளை வேட்டை. சிலம்பாயி என்ற கைம்பெண்ணின் அரைக்காணி நிலம் தன்னுடையது என்று தொண்ணூறு ஓலையில் வழக்குப் போட்டார். அவள் உழவு மாட்டை விற்று ஏழு ஓலை மறுத்தாள். எட்டாவது ஓலையில் நிலம் போயிற்று.

அரசவை விகடகவி ஆண்டியப்பனிடம் வந்து நின்றாள்.

"பொய்யின்னு வாயால சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. ஓலை வாங்க இனி விக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல சாமி."

ஆண்டியப்பன் கடைத்தெருவில் பேரம் கேட்டு வளர்ந்தவன். மலிவுச் சரக்கை எவனும் பிரித்துப் பார்க்க மாட்டான் என்று அறிந்தவன். ஒரே ஓலை எழுதி, ஒரு பணம் கட்டி, ராஜா மேலேயே வழக்குப் போட்டான். ராஜாவுக்காக மறுப்பு எழுத வேண்டியவர் பிரதானிதான். "கோமாளி கிறுக்கினதை வேலை மெனக்கெட்டு எவன் படிப்பான்" என்று அவர் அதை மூலையில் வீசினார்.

ஒன்பதாம் நாள் சபையில் ஓலையைப் படித்தார்கள். "இந்தச் சிம்மாசனம் ஆண்டியப்பனுடையது. ராஜா குடியிருப்பவர். இதுவரை வாடகை கொடுத்ததில்லை."

பிரதானி துள்ளி எழுந்தார். "மகாராஜா, இது அப்பட்டமான பொய்."

"பிரதானியார் வாயால் மறுக்கிறாரே. ஓலை எங்கே?" என்றான் ஆண்டியப்பன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார். "உட்காரும் ஓய். சொந்தக்காரர் உத்தரவு என்ன?"

"சிலம்பாயி நிலம் அவளிடம் திரும்ப வேண்டும். இந்தச் சட்டம் ஒழிய வேண்டும்."

"நிலம் ஆகட்டும். சட்டத்தைத் தொடாதேயும். ஓலைப் பணத்தில்தானய்யா கஜானா நிரம்புகிறது" என்ற ராஜா மறுபடி ஏறி உட்கார்ந்தார். நூறு பணம் பரிசு கொடுத்தார். பிரதானியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரண்மனை வாசலில், அன்று மாலையோடு கெடு முடிகிறவர்கள் வெறுங்கையோடு வரிசையில் நின்றார்கள். ஆண்டியப்பன் ஒவ்வொருவராக விசாரித்து விரல் மடக்கினான். பரிசு நூறு. சிலம்பாயி மாட்டை மீட்க எட்டு. மீதி தொண்ணூற்றிரண்டு. இவர்களுக்கு வேண்டிய மறுப்போலை நானூற்றுப் பத்து.

பாக்கி முந்நூற்றுப் பதினெட்டு.