நெருஞ்சிக் காட்டில் ஒரு ஜோடிச் செருப்பு

உட்காருகிறவர்கள் உட்காருங்கள். நடுவில் எழுந்து போக வேண்டியவர்கள் தாராளமாகப் போகலாம். கதை கோபித்துக்கொள்ளாது.

அந்தக் காலத்தில், கோணையூர் என்று ஒரு நாடு. அதை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சரி என்று அவனுக்குத் தோன்றும்.

ஊருக்குக் கிழக்கே ஓர் ஐயனார் கோயில். எப்போது கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கூரை ஒழுகும். பானை செய்கிற வேளார்தான் அங்கே பூசாரி.

ஊருக்கு மேற்கே ஒரு புது மடம். கட்டினவர் பொற்பாதச் சாமி. எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கூரை ஒழுகாது.

மடத்துக்கு மதில் கிடையாது, கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. நாலு பக்கமும் தரையோடு தரையாக மஞ்சள் பூக்கள்தான். "எங்களிடம் பூட்டே இல்லை, பாருங்கள்" என்று சீடர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பார்த்தவர்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வருகிற பௌர்ணமியன்று அந்த மடத்துக்கு ஒரு முழு ஊரையே எழுதிக் கொடுப்பதாக ராஜா வாக்குக் கொடுத்துவிட்டான். எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஊரிலும் மடத்திலும் சாமி சொன்னதுதான் சட்டம். ராஜாவின் சொல்கூட உள்ளே போகாது.

இப்படி இருக்கும்போது, உப்பு விற்கிற காத்தாயி சபைக்கு வந்து நின்றாள்.

"ராசா, என் வீட்டுக்காரரு சடையன் அந்த மடத்துக்குப் போயி மாசக்கணக்காச்சு. பௌர்ணமிக்குள்ள அவரை வெளிய விடச் சொல்லுங்க. களத்துல உப்பு குவிஞ்சு கிடக்கு, மேகம் வேற கூடுது. வண்டி மாடு ரெண்டும் அவரு குரலுக்குத்தான் நகரும். நான் ஓட்டினா என்னைத் திரும்பிப் பாக்குதுங்க, அவ்வளவுதான். ஒரு மழை பேஞ்சா எங்க வருசமே கரைஞ்சு போயிடும்."

மந்திரி சிரித்தார். "சாமி கும்பிடப் போனவனை எப்படியம்மா இழுத்து வருவது? நீயும்தான் ஐயனாரிடம் போகிறாய். அங்கேயும் விளக்கு, இங்கேயும் விளக்கு. அங்கேயும் பாட்டு, இங்கேயும் பாட்டு. அங்கேயும் திருநீறு, இங்கேயும் திருநீறு. என்ன வித்தியாசத்தைக் கண்டாய்?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. போன வருசம் என் கன்னுக்குட்டி செத்துப்போச்சு. நேரா ஐயனார்கிட்டப் போயி, 'உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு'ன்னு ஏசிட்டு வந்தேன். ரொம்ப நாளு அந்தப் பக்கமே போகலை. அப்புறம் மனசு கேக்காமப் போனேன். அவரு அதே குதிரையில அப்படியேதான் உக்காந்திருந்தாரு. எங்க வீட்டுக்காரரு இப்போ பெருமூச்சு விடுறதுக்கும் உத்தரவு கேக்குறாராம்."

சபை சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. கடைசியாகப் பேசினவள் அவள்தானே!

மறுநாள் ராஜா தலைப்பாகை கட்டி, தடித்த செருப்பு மாட்டி, எருமைத் தரகன் வேஷத்தில் கிளம்பினான். இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்ப்பது, ஒரு கேள்வி கேட்பது, பிறகு எழுந்து வருவது. இந்த மூன்றுதான் அவன் போட்ட திட்டம்.

முதலில் ஐயனார் கோயில். வாசலில் ஊரார் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. அவனும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான். யாரும் வா என்று சொல்லவில்லை. வேளார் மட்டும், "தள்ளி நில்லுய்யா, விளக்கை மறைக்கிறே" என்றார்.

ராஜா பொதுவாகக் கேட்டான்: "இந்த வருஷம் மழை வரணுமா, வேண்டாமா?"

கேட்டதுதான் தாமதம். "வரணும்! நாத்து காயுது" என்றான் ஓர் உழவன். "வந்தா உன் வாயில மண்ணு! என் உப்பு களத்துல கிடக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற காத்தாயி. "ஏ உப்புக்காரி, உன் ஒருத்திக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா?" "ஏன், உப்பில்லாமத் தின்னு பாரேன்!" அதற்குள் ஒருவன், "வர்றதும் வராததும் மேகத்தோட பாடு, ஐயனாரை ஏன் இழுக்கிறீங்க?" என்றான்.

"சாமி என்னதான் சொல்கிறது?" என்று ராஜா வேளாரைக் கேட்டான்.

"நானும் ரொம்ப வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் வேளார். சண்டை போட்ட இருவர் கையிலும் ஒரே தட்டிலிருந்து திருநீறு விழுந்தது.

"எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் போகிறேன்" என்றான் ராஜா.

"போறதுன்னா போ. சர்க்கரைப் பொங்கல் சூடா இருக்கு, வாங்கிட்டுப் போ."

அவன் போட்ட இடத்திலேயே செருப்பு கிடந்தது. மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்தது மேற்கே மடம். மஞ்சள் பூக்களைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு போனான். பூக்களைத் தாண்டி முடித்ததும் சீடர்கள் ஓடி வந்தார்கள். தாங்களே குனிந்து அவன் செருப்பைக் கழற்றினார்கள், காலைக் கழுவினார்கள், "நீ வருவாய் என்று சாமிக்கு முன்பே தெரியும்" என்றார்கள். அரண்மனையில்கூட அவனுக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவில் உயர்ந்த பலகையில் பொற்பாதச் சாமி வீற்றிருந்தார். காலில் மரக்குறடு. மற்ற எல்லோரும் வெறுங்கால்.

"இந்த வருஷம் மழை வரணுமா, வேண்டாமா?" என்று ராஜா கேட்டான்.

"சாமி சொன்னால் வரணும்" என்றான் ஒருவன். "சாமி சொன்னால் வரணும்" என்றாள் ஒருத்தி. மூலையில் சடையனும், "சாமி சொன்னால் வரணும்" என்றான். களத்தில் அவன் உப்பு கிடக்கிறது!

"சாமி சொல்லியும் வராவிட்டால்?" என்றான் ராஜா.

கூட்டத்தில் முகங்கள் சுருங்கின. "அது கேள்வி இல்லை, உன் மனத்து அழுக்கு" என்றான் தலைமைச் சீடன். சற்று முன் காலைக் கழுவினவன் அவன்தான்.

"அப்படியானால் நான் போகிறேன்."

"போகலாமே! கதவா இருக்கிறது?"

"என் செருப்பு?"

"அடுப்பில் போட்டாயிற்று. வீடு சேர்ந்தவனுக்குச் செருப்பு எதற்கு?"

ராஜா வெறுங்காலோடு பூவில் அடி வைத்தான். ஓர் அடி, இரண்டு அடி, மூன்றாவது அடியில் அலறிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான். அத்தனையும் நெருஞ்சி. மேலே பூ, கீழே முள். வரும்போது செருப்பு இருந்ததால் தெரியவில்லை. மதில் இல்லாத மடத்துக்கு அதுதான் மதில்.

அப்போது முள்காட்டின் அந்தக் கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்தாங்க! உங்களத்தான்! வெறுங்காலோட நிக்கிறீங்களே, பழைய செருப்பக் கொண்டாந்திருக்கேன். போட்டுக்கிட்டு வாங்க. மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது!"

காத்தாயிதான். கோயிலிலிருந்து வீட்டுக்குப் போய், அங்கே கிடந்த பழைய எருமைத்தோல் செருப்பை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஓங்கி வீசினாள். ஜோடி வந்து சடையன் காலடியில் விழுந்தது.

சடையன் செருப்பைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான். சாமி அவனைப் பார்க்கவே இல்லை. சடையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ராஜா அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு முள்ளைத் தாண்டி வந்தான்.

"அடப்பாவி! செருப்பு அவரோடது, காலு உன்னோடதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் காத்தாயி.

"பௌர்ணமியன்று திருப்பித் தருகிறேன், அம்மா."

"அதுவரைக்கும் மழையும் நீயும் பேசி வச்சிருக்கீங்களா?"

ராஜா நடையைக் கட்டினான். செருப்பு பெரியது, தடக் தடக் என்று அடித்தது.

பௌர்ணமியும் வந்தது. ராஜா கிரீடம் வைத்துக்கொண்டு மடத்துக்கு வந்தான். பின்னால் வண்டி வண்டியாகப் புதுச் செருப்பு. காத்தாயியும் வந்தாள். மேகம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"சாமி, ஓர் ஊர் என்ன, மூன்று ஊர் எழுதித் தருகிறேன். ஆளுக்கு ஒரு ஜோடிச் செருப்பு கொண்டுவந்திருக்கிறேன். இவை உங்கள் வாசலில் கிடக்க வேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்பது."

"தோல் தீட்டு" என்றார் சாமி.

"நல்லது. பனையோலையில் பின்னித் தரச் சொல்கிறேன்."

"முள் எங்கள் தவம்" என்றார் சாமி.

"நல்லது. அப்படியானால் உங்கள் காலில் இருக்கிற மரக்குறட்டையும் கழற்றுங்கள். எல்லோரும் சேர்ந்து தவம் செய்யுங்கள்."

சாமி கழற்றவில்லை.

"அதுவும் வேண்டாமா? என் ஆட்கள் ஒற்றையடிப் பாதை அளவுக்கு முள்ளைக் கொத்தி எடுக்கட்டும். நடப்பவர் நடக்கட்டும், இருப்பவர் இருக்கட்டும். சாமிக்கு அதில் என்ன நஷ்டம்?"

"பாதை போட்டால் இவர்கள் போய்விடுவார்களே!" என்று கத்திவிட்டார் சாமி.

கத்தின பிறகுதான் கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

ராஜா யாரையும் பிடித்து இழுக்கவில்லை. செருப்புகளை மடத்து வாசலில் இறக்கச் சொன்னான். சடையனின் பழைய ஜோடியைத் தன் கையாலேயே அவன் முன்னால் வைத்தான். ஊரை எழுதிக் கொடுக்காமல் திரும்பிப் போய்விட்டான்.

சிலர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் செருப்பை மாட்டி, இரண்டடி போய், திரும்பி வந்தார்கள். சடையன் வெகுநேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாட்டிக்கொண்டான். இத்தனை நாள் சும்மா இருந்த கால் மென்மையாகிப்போயிருந்தது. கடித்தது. நொண்டி நொண்டி முள்ளைத் தாண்டினான்.

காத்தாயி அழவில்லை. "நொண்டுறத அப்புறம் நொண்டலாம், முதல்ல மாட்டைப் பூட்டுங்க" என்றாள்.

சடையன் ஒரு குரல் கொடுத்தான். மாடுகள் எழுந்து நடந்தன. பாதி உப்பு கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மீதி மழையோடு போனது.

அன்று சாயங்காலம் நனைந்துபோய் இருவரும் ஐயனார் கோயிலுக்குப் போனார்கள். நாற்றுக்கு மழை கிடைத்த உழவன் சிரித்த முகமாக நின்றான். பாதி உப்பைத் தொலைத்த காத்தாயி ஐயனாரை மறுபடியும் ஒரு பிடி பிடித்தாள். சடையன், எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்களே என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான்.

வேளார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தள்ளி நில்லுய்யா, விளக்கை மறைக்கிறே" என்றார்.

ஆகையால், திரும்பிப் போக நினைக்கிறவனின் செருப்பு வாசலிலேயே கிடக்கிற இடம்தான் கோயில், அதை எரித்துவிடுகிற இடம் எத்தனை விளக்கு ஏற்றினாலும் சிறைதான்.