தூக்கத்தைத் துரத்திய பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடங்கள் போட்டி போட்டுக்கொண்டு ரிசல்ட் காட்டுகிற ஓர் ஊரில் தூக்கம் என்று ஒரு பிறவி இருந்தது. பாவம், யாருக்கும் கெடுதல் நினைக்காது.

சின்னக் குழந்தைகளிடம் அது விளக்கு வைத்த கையோடு போய்விடும். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளிடம் மட்டும் தாமதமாகத்தான் போக முடியும். அந்த வயசு உடம்பு அதற்கு முன்னால் கதவைத் திறக்காது. தாமதமாகப் போனால் தாமதமாகத்தானே கிளம்ப வேண்டும்? அதற்குத்தான் அந்த ஊரில் வழியில்லை.

பிளஸ் டூவுக்கு ஆறு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ். பிரேயர் என்னவோ ஒன்பது மணிக்குத்தான். நிறைமதி என்ற மாணவி இருட்டோடு எழுந்தாக வேண்டும். தூக்கம் அப்போதுதான் அவள் கண்ணில் ஆழமாக உட்கார்ந்திருக்கும். அவள் அம்மா சகுந்தலா முகத்தில் தண்ணீரைத் தெளித்து அதை விரட்டுவாள். போதாதென்று, கிளம்பும்வரை வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு படி என்பாள்.

பள்ளியில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டிடம் போய்ச் சண்டை போட்டது தூக்கம். “திருடனைத் துரத்துற மாதிரி என்னை எதுக்குத் துரத்துறீங்க?”

“என்கிட்ட எகிறாதே. அடிச்சா கத்துவேன், அவ்வளவுதான். பக்கத்து ஸ்கூல்ல ஆறரைக்கு ஆரம்பிச்சாங்க. நம்ம ஹெட்மாஸ்டர் சற்குணம் சும்மா இருப்பாரா? ஆறுன்னுட்டார்.”

“அவர் ஆறு மணிக்கு வர்றாரா?”

“அது உனக்குத் தெரியாதாக்கும்” என்றது தண்டவாளம்.

தூக்கத்துக்கு வயிறு எரிந்தது. எட்டு மணி வரைக்கும் அவர் கண்ணை விட்டு அதனால் நகரவே முடியாது.

அரையாண்டுத் தேர்வு வந்தது. ஃபெயிலானால் டி.சி. என்று சற்குணம் முன்னாலேயே சொல்லியிருந்தார். பள்ளி ரிசல்ட் கெடக் கூடாதாம். கணக்குப் பரீட்சையன்று தூக்கம் நிறைமதி பக்கமே போகாமல் மைதானத்தில் நின்றது. எல்லாம் அவளுக்குத் தெரிந்த கணக்குகள். ஆனாலும் நாலாவது கணக்கில் இமை தானாக மூடியது. இத்தனை நாள் தூக்கத்துக்கு ஏங்கிக் கிடந்த கண் கூப்பிட்டால் தூக்கம் எப்படிப் போகாமல் இருக்கும்? அவள் விழித்தபோது பேப்பரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“தூங்குமூஞ்சியை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?” என்று சகுந்தலாவிடம் டி.சி.யை நீட்டினார் சற்குணம்.

“எனக்கு எல்லாக் கணக்கும் தெரியும் சார்” என்றாள் நிறைமதி.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பியூனைக் கூப்பிட்டு, “நாளையிலேருந்து அஞ்சரைக்கே மணி அடி. மத்ததுங்களுக்காவது தூக்கம் தெளியட்டும்” என்றார்.

தூக்கம் கொதித்துப் போனது. “பிள்ளைங்க தூக்கத்தைப் பறிச்சுட்டு, தான் மட்டும் நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்து, அவளைத் தூங்குமூஞ்சிங்கிறான். இன்னிக்கு அந்த ஆள் வீட்டுப் படி ஏற மாட்டேன். ஒரு நாள் பட்டாத்தான் புத்தி வரும்.”

தண்டவாளமும் சரி என்றது.

அன்றிரவு சற்குணத்துக்குப் பொட்டுத் தூக்கமில்லை. மறுநாள் பிரேயரில் கொட்டாவி விட்டபடி தள்ளாடி நின்றார். அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று தூக்கமும் தண்டவாளமும் காத்திருந்தன.

“தூக்கமில்லேன்னா மனுஷனால நிக்கவே முடியலைப்பா” என்றார் பியூனிடம். “நாளையிலேருந்து பிரேயரைப் பத்து மணிக்கு வச்சுக்கலாம்.”

“ஸ்பெஷல் கிளாஸ் சார்?”

“அது அஞ்சரைக்கே இருக்கட்டும். பிள்ளைங்கதானே.”