மண்டிக்காரர் வாங்கின தமுக்கு

ஒரே ஒரு ஊர்ல, பெரிய ஏரிக்குக் கீழே இருந்த ஒரு ஊர்ல, கூத்தாண்டின்னு ஒருத்தன் தமுக்கு அடிச்சுக்கிட்டு இருந்தான். ஏரித் தண்ணியை என்னிக்குத் திறக்கிறாங்க, யார் வீட்டு மாட்டைக் காணோம், எந்தக் கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, எல்லாம் அவன் தெருத்தெருவா அடிச்சுச் சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும். அதுக்குக் கூலியா, அறுப்பு முடிஞ்சதும் வீட்டுக்கு ஒரு படி நெல்லு அளப்பாங்க. மச்சு வீட்டுக்காரனுக்கும் ஒரு படி, கூழு குடிக்கிறவனுக்கும் ஒரு படி. யாராவது கூடக் குடுத்தா வாங்கக் கூடாதுங்கிறது அந்த ஊர் வழக்கம். அது ஏன்னு யாரும் கேட்டதில்ல.

அப்புறம் ஒரு வருசம் மழை பொய்ச்சுப்போச்சு. அப்போ அந்த ஊரு மண்டிக்காரர் கூத்தாண்டியைக் கூப்பிட்டு, வீடு வீடா ஏன்டா அலையறே, மொத்த நெல்லையும் நானே அளக்கிறேன், தமுக்குக்குப் புதுத்தோலும் போட்டுத் தர்றேன்னாரு. ஊர்க்காரங்களுக்கு ஒரு படி மிச்சமாச்சேன்னு ஒரே சந்தோசம். சும்மா வர்ற சேதியை யாரு வேணாம்பா? நீ வேணாம்பியா? மாட்டேல்ல. கூத்தாண்டியும் வேணாம்னு சொல்லல. அவன் மக பவளாயிக்குக் கல்யாணம் வெச்சிருந்தான்.

மண்டிக்காரர் முதல்ல கேட்டது சின்ன விசயந்தான். சேதிக்கு முன்னாடி என் மண்டியில விக்கிற எண்ணெயைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுன்னாரு. சொன்னான். அப்புறம் அந்த எண்ணெயில செஞ்சதைத் தின்ன பிள்ளைங்களுக்கு வயித்தால போச்சு. அதைச் சொல்லாதேன்னாரு. சொல்லல. அப்புறம், கீழத்தெருக் கிணத்துத் தண்ணிதான் காரணம்னு சொல்லுன்னாரு. அதையும் சொன்னான். பொய் சொல்றப்போ மட்டும் தமுக்கைக் கொஞ்சம் பலமா அடிப்பான், தன் குரல் தன் காதுலயே விழக்கூடாதுன்னு.

ஊரு என்ன முட்டாளா? தமுக்கு நல்லதுன்னா கெட்டது, கெட்டதுன்னா நல்லதுன்னு தலைகீழாப் புரிஞ்சுக்கப் பழகிடுச்சு.

வருசம் ஓடுச்சு. மண்டிக்காரர் செங்கல் சூளை வெச்சாரு. அதுக்கு ஏரிக்கரை மண்ணையே வெட்டி வெட்டி எடுத்ததுல கரை இளைச்சுப்போச்சு. அந்த ஐப்பசி மழையில ஏரி ரொம்பிடுச்சு. கரைமேல நடந்து போன கூத்தாண்டி, வெளிப்பக்கம் கலங்கலாத் தண்ணி கசியறதைப் பார்த்துட்டு மண்டிக்காரர்கிட்ட ஓடினான். விசயம் வெளியே தெரிஞ்சா சூளையை மூடச் சொல்வாங்களே, அதனால அவரு, கரை கெட்டியா இருக்குன்னு போய் அடின்னாரு.

"ஐயா, கரையடியில, கீழத்தெருவுல என் மக இருக்காளுங்க. கைப்புள்ளக்காரி."

"உன் மக கல்யாணத்துக்கு நெல்லு அளந்தது யாருடா? அந்த ஏரியா?"

கூத்தாண்டி தமுக்கைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினான். காலையில அடிச்சான், மத்தியானம் அடிச்சான், சாயங்காலம் அடிச்சான். கரை இரும்பாட்டம் இருக்கு, யாரும் பயப்பட வேணாம்னு. மகளை மட்டும் மேட்டுக்கு அனுப்பினா ஊருக்குத் தெரிஞ்சு, மண்டிக்காரர் படியளக்கிறதை நிறுத்திடுவாரே, விடிஞ்சதும் ஏதாவது சாக்குச் சொல்லி அழைச்சுக்கலாம்னு விட்டுட்டான். பாவி.

கரை கெட்டின்னு தமுக்கே சொல்லுதா, அப்போ உடையப் போகுதுன்னு ஜனங்க ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு மலைக்கோயிலுக்கு ஏறிட்டாங்க. தமுக்கை நம்பினது ரெண்டே பேரு. ஒருத்தர் மண்டிக்காரர். தான் சொல்லச் சொன்ன பொய்யைத் தானே கேட்டுக் கேட்டு, நெசம்னே நம்பி, அத்தனை நெல்லையும் கீழத்தெருக் கிடங்குலயே விட்டு வெச்சாரு. இன்னொருத்தி பவளாயி. புருசன் வெளியூர் போயிருந்தான். அக்கம்பக்கத்துல வா வான்னு கூப்பிட்டும், எங்கப்பா சொல்லியிருக்காரு, நான் ஏன் வரணும்னு தொட்டிலை ஆட்டிக்கிட்டு இருந்துட்டா.

விடியறதுக்குள்ள கரை உடைஞ்சுது. கிடங்கு போச்சு, சூளை போச்சு. பவளாயியைப் புளியமரத்துக் கிளையிலேருந்து பிடிச்சு இறக்கினாங்க. தொட்டில்ல கிடந்த புள்ளையைத் தண்ணி கொண்டுபோயிடுச்சு. கூத்தாண்டி கிட்டப் போய் நின்னான். அவ அழல.

"நீதானேப்பா சொன்னே," ன்னா. அதுக்கப்புறம் அவ சாகற வரைக்கும் அப்பன்கிட்ட பேசல.

அந்த நேரத்துல, மச்சுமேல ஏறித் தப்பின மண்டிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து, நெல்லு மிதந்து போகுதுடா, அள்ளிக் குடுக்கிறவனுக்குப் பாதின்னு அடிச்சுச் சொல்லுடான்னாரு. கூத்தாண்டி தமுக்கைக் கழட்டி அவரு கழுத்துல மாட்டினான்.

"உங்களோடதுதானுங்களே, நீங்களே அடிங்க," ன்னான்.

அடிச்சாரு. அழுதுக்கிட்டே அடிச்சாரு. வாழ்நாள்ல முதல் தடவையா நெசத்தைச் சொல்லி அடிச்சாரு. மலைமேல இருந்தவங்க கேட்டாங்க, பாதின்னா ஒண்ணும் தரமாட்டாருன்னு ஒருத்தர்கூட இறங்கல. நெல்லு அத்தனையும் சேத்துலயே முளைச்சுது. மறுவருசம் அதே மண்டிக்காரர் வீட்டுக்கு வீடு கையேந்தி நின்னாரு.

அந்த ஊர்ல இப்போ வேற ஒருத்தன் தமுக்கு அடிக்கிறான். திரும்பவும் வீட்டுக்கு ஒரு படிதான், கூடக் குடுத்தா வாங்க மாட்டான். ஏன்னு இப்போ எல்லாருக்கும் தெரியும். பவளாயிக்குத்தான் அது ரொம்ப லேட்டு.

ஏரி வடிஞ்சுது, என் கதையும் வடிஞ்சுது. சேதி சொல்றவனுக்கு யாரு படியளக்கிறான்னு பார்த்துட்டுச் சேதியைக் கேளுங்க. உங்க ஒரு படியை மிச்சம் பிடிக்காதீங்க. ம், படுங்க.