அரக்குக் கூடையும் அரசர் கொடுத்த வெற்றிலையும்

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றை நாட்டைக் குமாரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். காலையில் ஒருவனுக்குத் தண்டனை சொல்லிவிட்டு, சாயங்காலம் "அவன் என்னய்யா செய்தான்?" என்று கேட்கிற ஆள். அந்தக் கோபத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தவர் மந்திரி வேம்பையர்.

அன்றைக்கு நடுப்பகல் முரசு அடித்ததும் ஒருவனுடைய வலது கையை வெட்டப்போகிறார்கள். ஓலைச்சாலையில் ராஜமுத்திரையைக் காக்கும் ஐயாறனின் கை அது.

நடந்தது இதுதான். அரண்மனையின் எழுத்து வேலையெல்லாம் நடக்கிற கூடம்தான் ஓலைச்சாலை. ஓலைக்கட்டின் முடிச்சில் சூடான அரக்கை வைத்து, அதன்மேல் முத்திரை பதிப்பது ஐயாறன் வேலை. காலையில் அரண்மனை அதிகாரி வீரபாகு ராயர் வந்து, "பழைய கட்டு ஒன்று வேண்டும், எடப்பா" என்றார். பரணில் தேடிவிட்டு அவன் திரும்பினால், பலகைமேல் வைத்த முத்திரையைக் காணோம். சத்தம் போட்டுவிட்டான். காவலர்கள் கதவை அடைத்தார்கள். "முதலில் என்னைச் சோதியுங்கள்" என்று ராயரே முன்னால் வந்து நின்றார். எழுத்தர்களையும் சோதித்தார்கள். யாரிடமும் இல்லை.

"காத்தவனே களவாடியிருக்கிறான்" என்றார் ராயர். ராஜா அந்தக் கணமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த வேலையில் தன் மச்சானை உட்கார வைக்க ராயர் ரொம்ப நாளாய் அலைந்தது ஊருக்கே தெரியும், ராஜாவுக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

வேம்பையர் முரசு வரைக்கும் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓலைச்சாலைக்கு ஓடினார். ஐயாறனை அந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததே அவர்தான்.

கூடத்தில் கரி கனலும் கணப்பு, அதன்மேல் அரக்குச் சட்டி, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், ஒரு கூடை நிறைய அரக்கு உருண்டைகள்.

"தண்ணீர் எதற்கு?" என்றார் மந்திரி.

"உருட்டுகிறதுக்கு முன்னாலே கையை நனைக்கணும், சாமி. இல்லாட்டி கொதிக்கிற அரக்கு தோலோடு ஒட்டிக்கிட்டு வரும். வேலைக்கு வந்த அன்னிக்கே சொல்லிக்கொடுப்பாங்க." என்றான் காவலர்களுக்கு நடுவே நின்ற ஐயாறன்.

மந்திரி கூடையைக் கிளறினார். எல்லா உருண்டையும் வழவழவென்று இருந்தது. ஒன்று மட்டும் மேடும் பள்ளமுமாய், பிய்த்துப் பிய்த்து ஒட்டியதுபோல் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சபைக்கு நடந்தார்.

சபையில் ராயர் சிரித்த முகமாய் உட்கார்ந்திருந்தார். மார்பில் பூசுகிற சந்தனத்தை மனுஷன் இன்றைக்கு வலது கை விரல் நுனியிலெல்லாம் அப்பியிருந்தார். வேம்பையர் அதைப் பார்த்துவைத்துக்கொண்டார்.

உருண்டையை ராஜா முன்னால் உடைத்தார்கள். உள்ளே முத்திரை பளபளத்தது.

"பார்த்தீர்களா?" ராயர் துள்ளி எழுந்தார். "அரக்கில் கை வைக்கிறவன் யார்? அவன்தானே? அவசரத்தில் உருட்டியிருக்கிறான்."

"வாஸ்தவம்" என்றார் ராஜா. வாளை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வெளியே முரசுக்காரன் தோலைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஐயாறன் கண்ணை மூடிக்கொண்டான்.

வேம்பையர் ராஜா முன்னால் வந்து நின்றார். இந்த ஒரு பேச்சு பலிக்காவிட்டால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும்.

"மகாராஜா, வெட்டுவது எங்கே ஓடிப்போகிறது? குற்றவாளியை முதலில் கண்டுசொன்னவர் ராயர். அவருக்குத் தங்கள் கையால் வெற்றிலை கொடுக்காமல் வாளை எடுத்தால் நம் சபையின் மரியாதை என்னாவது?"

ராஜாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வெற்றிலைத் தட்டை வரவழைத்தார். ராஜா கொடுத்த வெற்றிலையை வலது கையால் வாங்கி, தானே அந்தக் கை விரலால் சுண்ணாம்பு தடவி, அவர் கண் முன்னாலேயே மெல்ல வேண்டும். அந்தச் சபையின் வழக்கம் அது.

ராயர் இடது கையை நீட்டினார்.

"என்னய்யா, எனக்கே இடது கையா?" என்றார் ராஜா. புருவம் ஏறிவிட்டது.

ராயர் வேறு வழியில்லாமல் வலது கையால் வாங்கினார். சுண்ணாம்பைத் தொட்டார். சந்தனம் உதிர்ந்தது. வெந்து தோல் உரிந்த விரலில் சுண்ணாம்பு பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது, வெற்றிலை கீழே விழுந்தது.

வேம்பையர் அந்தக் கையைப் பிடித்து உயர்த்தினார். கொப்புளத்தின் ஓரத்தில் அரக்குத் துணுக்கு சிவப்பாய் ஒட்டியிருந்தது.

"ஐயாறன் கையையும் பாருங்கள், மகாராஜா. தினம் அரக்கு உருட்டுகிற கை, ஒரு சூட்டுத் தழும்பு கிடையாது. நனைக்காமல் தொட்டவருக்கு அந்த வேலை தெரியாது. அவன் பரணில் தேடுகிற, எழுத்தர்கள் தலை குனிந்து எழுதுகிற நேரத்தில் முத்திரையை அரக்குக்குள் திணித்துக் கூடையில் போட்டுவிட்டார். மச்சான் வேலைக்கு வந்ததும் அவனை விட்டே கண்டெடுக்க வைத்திருப்பார்."

அந்த நேரம் பார்த்து முரசு அடித்தது. ஒருத்தரும் வாளைத் தொடவில்லை.

ராயர் தலை தொங்கிவிட்டது. ராஜா எழுந்து வந்தார். வேம்பையரின் தோளில் தன் முத்துமாலையைப் போட்டுவிட்டு, ஐயாறனைக் கூப்பிட்டு வெற்றிலை கொடுத்தார். அவன் கை நடுக்கத்தில் சுண்ணாம்பு தடவ வரவில்லை. ராஜாவே வாங்கித் தடவி மடித்துக் கொடுத்தார். "இந்தக் கையையா வெட்டச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு ராயர் பக்கம் திரும்பினார்.

"ராயரே, அதிகாரத்தைக் கீழே வையும். காயம் ஆறியதும் ஓலைச்சாலையில் கணப்பு ஊதப் போய்விடும். ஐயாறன் சொல்வதைக் கேட்டு நடவும்" என்றார்.

காயம் ஆறியது. பட்டு வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ராயர் கணப்பின் முன்னால் குந்தினார். எழுத்தர்கள் எழுத்தாணியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ராயர் அவமானத்தில் யாரையும் பார்க்காமல் சட்டிக்குள் கையை நீட்டப்போனார். ஐயாறன் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தான். கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினான்.

"முதல்ல கையை நனைச்சுக்குங்க, ஐயா" என்றான்.