பாட்டிலில் ஊறிய வளையம்

“கார் குடிக்கிற பெட்ரோலை என் விமானம் குடிக்கக் கூடாதா, டீச்சர்?” என்று கேட்டார் தேவசகாயம்.

தன் கையாலேயே அவர் செய்த விமானம் அது. ரெண்டு பேர் உட்காரலாம்.

டீச்சர் நசீமா அவர் மகளைவிடச் சின்னவள். ஆனாலும் விமானம் கட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அவளைக் கேட்காமல் ஒரு திருகுகூட முடுக்க மாட்டார்.

“பங்க்ல பிடிச்சதா? எத்தனால் கலந்திருக்குமே, சார். அது ரப்பரை ஊறவச்சுக் கெடுத்துடும், பறக்கும்போது ஒழுகும்.”

“இப்போ எல்லா பங்க்லயும் அதுதான். கலக்காதது வந்து சேர மழைக்காலம் முடிஞ்சிடும். எமிலி பார்வை அதுவரைக்கும் தாங்காதும்மா. டாக்டர் சொல்லிட்டார்.”

அவர் மனைவி எமிலி அப்போதே விமானத்தில் ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்டு, ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். கண் மங்குவதற்குள் மேலேயிருந்து ஒரு தடவை கடலைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

“வளையத்தை ஊறப்போட்டீங்களா?”

அது நசீமா பட்டறையின் வழக்கம். எந்தப் பெட்ரோலானாலும் ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, டாங்க் குழாயில் ஒழுகாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையம் ஒன்றை முதலில் அதில் ஊறவைத்துப் பார்க்க வேண்டும்.

“போட்டேன். பார்த்தேன். புதுசு மாதிரியேதான் இருக்கு.”

“எப்படிப் பார்த்தீங்க?”

“கண்ணாலதான். வேற எதால பார்க்கிறது?”

நசீமா பாட்டிலிலிருந்து வளையத்தை எடுத்துத் துடைத்தாள். கூடவே ஒரு புது வளையம். ரெண்டையும் கொண்டுபோய் எமிலியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“அக்கா, இது ரெண்டும் ஒண்ணா?”

எமிலி விரலால் தடவினாள்.

“எப்படிம்மா ஒண்ணாகும்? இது கெட்டியா இருக்கு. இது பாயசத்துல விழுந்த திராட்சை மாதிரி உப்பிப்போய் மெத்துன்னு இருக்கு.” பிறகு சிரித்தாள். “பார்த்துச் சொன்னது இவரா? கத்தரிக்காயையும் இப்படித்தான், அமுக்கிப் பார்க்காம வாங்கிட்டு வருவார்.”

தேவசகாயம் சிரிக்கவில்லை. அந்த வளையத்தை வாங்கி விரலிடுக்கில் வைத்து மெல்ல அமுக்கினார்.

நசீமாவைப் பார்த்தார்.

குனிந்து, விமானத்தின் அடிவயிற்றில் இருந்த குழாயைத் திறந்துவிட்டார். பெட்ரோல் கேனில் சளசளவென்று இறங்கியது.

சத்தம் கேட்டு எமிலி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, கிளம்பிட்டோமா?”

“இல்ல எமிலி. பத்திரமா வந்து இறங்கிட்டோம்.”