இருபத்து நாலாவது திக்குவாய்

நல்லமுத்து ஒரே ஒரு கேள்வியோடு மடத்துக்கு வந்தார். வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. கேள்வி இன்னும் அவர் வாய்க்குள்ளேதான் இருந்தது.

அவருக்குத் திக்குவாய். அதற்காகவே முன்பு மாவு மில் வைத்திருந்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அங்கே எல்லோருக்கும் சைகைதான் பாஷை. ஐம்பது வயதில் மில்லை மச்சினன் பொறுப்பில் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் வடிவம்மையின் மடத்தில் சேர்ந்தார்.

குரு வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். ரொம்ப நல்லவர். தொந்தரவே அதுதான். ஒருவர் வார்த்தை வராமல் தவிப்பதைப் பார்க்க அவருக்கு மனசு தாங்காது. மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிடுவார்.

"அம்மா, எ... எ..." என்று ஆரம்பிப்பார் நல்லமுத்து.

"எப்ப மனசு அடங்கும்னுதானுங்களே? அடங்கும், பொறுங்க."

அடுத்த முறை மறுபிறவியைப் பற்றிப் பதில் கிடைத்தது. அதற்கடுத்த முறை கோபத்தைப் பற்றி. எல்லாமே அருமையான பதில்கள். ஒன்றுகூட இவர் கேட்க வந்ததற்கு இல்லை.

ஒரு நாள் காலையில் அவர் துணிமூட்டையைக் கட்டிவிட்டார். கேட்க முடியாத கேள்வியை வைத்துக்கொண்டு மடத்தில் இருந்தால் என்ன, மில்லில் இருந்தால் என்ன? விடைபெற வந்து நின்றார்.

"அம்மா, நா... நான்..."

"ஊருக்குப் போயிட்டு வரோணுமா? நல்லதாப் போச்சுங்க. போற வழியில ஒரு வேலை இருக்குது."

இனி வரவே மாட்டேன் என்று சொல்ல வந்தவர், வழக்கம்போல் தலையாட்டினார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா திக்குவாயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களில் திக்கிப் பேசுகிறவர்களைப் பார்த்து, ‘திக்குவதால் உங்கள் வாழ்க்கையில் என்ன ஆயிற்று?’ என்று கேட்டு எழுதிவர ஓர் ஆள் வேண்டுமென்று மடத்துக்குக் கடிதம் போட்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை. பேசுகிறவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி, கேட்கிறவர் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கக் கூடாது.

வடிவம்மை கடிதத்தையும் ஒரு நோட்டையும் சேர்த்துக் கொடுத்தார். நல்லமுத்து புறப்பட்டார்.

ஒரு மாதத்தில் இருபத்து மூன்று பேரைப் பார்த்தார். ஒரு கொத்தனாருக்குத் தன் ஊர்ப் பெயரே வாயில் வராது. வாயில் வருகிற முந்தின ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கி, தினமும் மிச்ச தூரம் நடந்தார். ஒரு பள்ளிக்கூடப் பெண் விடை தெரிந்தும் ‘தெரியாதுங்க சார்’ என்றே சொல்லி உட்கார்ந்தாள். அது ஒன்றுதான் தடைபடாமல் வந்தது. ஒரு தாய் மகனுக்கு ஆசைப்பட்ட பெயர் ஒன்று, கூப்பிட முடியும் என்று வைத்த பெயர் வேறொன்று. பெண் பார்க்கப் போன ஒருவர் பிடித்திருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள், பிடிக்கவில்லை போல என்று பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள்.

இரண்டு திக்குவாய்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்கும் அரை நாள் சரியாகப் போகும். நல்லமுத்துவுக்கு அது பிடித்திருந்தது. யாருக்கும் அங்கே அவசரமில்லை.

இருபத்து மூன்றாவது ஆள் அந்தக் கொத்தனார்தான். பேசி முடித்துவிட்டு அழுதார். "எ... என்னைய யாரும் க... கடைசி வரைக்கும் கேட்டதே இல்லீங்க" என்றார்.

நல்லமுத்துவும் சேர்ந்து அழுதார். பிறகு பஸ் ஏறி உட்கார்ந்து, நோட்டில் இருபத்து நாலாவது பக்கத்தைத் திறந்து தன் பெயரை எழுதினார். அந்த பஸ் அவருடைய ஊருக்குப் போகிற பஸ் அல்ல.

மடத்துக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வடிவம்மை நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

‘பெயர்: நல்லமுத்து. என்ன ஆயிற்று: பதினோரு வருஷமாகக் குருவிடம் என் கேள்வியைக் கேட்கவில்லை. அவர் வேறு கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.’

வடிவம்மையின் முகம் வாடிப்போயிற்று. அதையே திரும்பவும் படித்தார். பிறகு மணைப்பலகையை விட்டு இறங்கி, நல்லமுத்துவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தப்புப் பண்ணீட்டனுங்க. இப்பக் கேளுங்க."

நல்லமுத்து வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்திலிருந்த சீடர் ஒருவர் பாவம் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வடிவம்மை கையை உயர்த்தித் தடுத்தார்.

அடுப்பங்கரையிலிருந்து குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"ம... மலைக்கோயில்ல சா... சாமி முன்னால நிக்கறப்ப, நான் வேண்டி முடிக்கறதுக்குள்ள ந... நகருங்க, நகருங்கன்னு தள்ளி விட்டுடறாங்க."

"மனசுக்குள்ள வேண்டிக்கிட்டா திக்காதுங்களே" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"வா... வாய்விட்டுச் சொல்லோணும்னு எனக்கு ஆசை இருக்காதுங்களா?"

அவர் மூச்சு வாங்கினார். மறுபடி ஆரம்பித்தார்.

"ஒரு நாளும் மு... முழுசா வேண்டினதில்லீங்கம்மா. பாதியில நின்ன வே... வேண்டுதலு சாமிக்குக் கேக்குமுங்களா?"

வடிவம்மை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"மு... முடிஞ்சுதுங்கம்மா."

"நான் வெறும் மனுஷி. முழுசாக் கேக்கக் கத்துக்கறதுக்கு எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு" என்றார் வடிவம்மை. "சாமிக்கு அத்தனை நாள் ஆகாதுங்க."