எண்பது செம்பு

தூத்துக்குடியில் சுலைகா என்று ஒருத்தி இருந்தாள். கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வாழவைக்கத் தெரிந்தவள். வயது முப்பத்தாறு. அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அறுபத்திரண்டு. பெயர் பல்தசார். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊர் அவரைக் கேப்டன் என்றது. அவர் சுலைகாவை டீச்சர் என்றார்.

ஒருமுறை அவள் எட்டு நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. ஆயிரம் லிட்டர் பெரிய தொட்டியை அவர் பொறுப்பில் விட்டாள். அதில் பூப்போல விரிந்து சுருங்கும் கடலுயிரான கடல் சாமந்தி ஒன்று இருந்தது. அதன் இதழ்களுக்கு நடுவே ஒரு ஜோடி கோமாளி மீன்கள்.

"தினம் தண்ணி குறையும் கேப்டன். குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணி ஊத்துங்க."

கேப்டன் தலையாட்டினார். மனம் ஒப்பவில்லை. கடல் மீனுக்குக் குடிதண்ணீரா? முப்பத்தைந்து வருஷம் கடலில் கிடந்தவனுக்கா இதெல்லாம் தெரியாது?

தினமும் விடிந்ததும் வள்ளத்தில் போனார். துறைமுகம் தாண்டி, தெளிந்த கடல்நீரைப் பத்து லிட்டர் கேனில் மொண்டு வந்து ஊற்றினார்.

ஐந்தாம் நாள் மீன்கள் கல்லில் முட்டையிட்டன. கேப்டன் உடனே அவளுக்குப் போன் செய்தார். "டீச்சர், என் கையில முட்டை போட்டிருக்கு!"

ஏழாம் நாள் சாமந்தி சுருங்கியது. எட்டாம் நாள், முட்டைகளை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்த ஆண் மீன் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது.

சுலைகா வந்தாள். தோள்பையை இறக்காமலே தொட்டித் தண்ணீரின் உப்பை அளந்தாள். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராமில் நிற்க வேண்டியது முப்பத்தெட்டில் நின்றது.

"என்ன ஊத்துனீங்க?"

"கடல் தண்ணி. சுத்தமான கடல் தண்ணி."

அவள் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினாள். தூரத்தில் உப்பளம். வெள்ளைக் குவியல்கள்.

"அங்க வெயில் எதைக் கொண்டு போகுது?"

"தண்ணியை."

"உப்பை?"

கேப்டன் குவியல்களையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் போனாலும் உப்பு அங்கேயேதான் கிடந்தது. சின்ன வயதிலிருந்து அவர் பார்த்து வளர்ந்த உப்பளம். காது மடல் சூடானது.

"இப்பவே எண்பது லிட்டரை வெளியே எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்திடுறேன் டீச்சர். பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம்."

"பெரிய கப்பலை எப்படிக் கேப்டன் கரையில அணைப்பீங்க?"

"மெதுவாத்தான். உள்ள இருக்கவன் கையில டீ தளும்பக் கூடாது." சொல்லும்போதே குரலில் பழைய மிடுக்கு ஏறியது. பிறகு அவருக்கே புரிந்து, குரல் தணிந்தது.

அவள் ஒரு லிட்டர் செம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு செம்பு எடுங்க. ஒரு செம்பு நல்ல தண்ணி ஊத்துங்க. அரை மணிக்கு ஒருக்க. மூணு நாள் ஆகும்."

கேப்டன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு செம்பு எடுத்தார். ஒரு செம்பு ஊற்றினார். எடுத்த தடமும் இல்லை, ஊற்றிய தடமும் இல்லை.

இரண்டாம் நாள் கேட்டார். "கெடுத்தவனே நான்தான். என்கிட்டயே ஏன் விடுறீங்க டீச்சர்?"

"இன்னிக்கு இந்த ஊர்ல உங்க அளவு கவனமா ஊத்துற ஆள் வேற யாரு இருக்கா?"

கேப்டன் குனிந்து அடுத்த செம்பை மொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் சாமந்தி விரிந்தது. ஆண் மீன் கல்லுக்குத் திரும்பியது. வெளுத்துச் செத்த முட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்று அப்புறப்படுத்தியது. பாதிக்கு மேல் போய்விட்டன. மிச்சம் இருந்தவற்றுக்குள் சின்னச் சின்ன வெள்ளிக் கண்கள் தெரிந்தன. கேப்டன் அவற்றை எண்ணப் பார்த்தார். கண் கலங்கி எண்ணிக்கை தப்பியது.

மாலையில் எண்பதாவது செம்பை ஊற்றினார். சுலைகா அளந்தாள். முப்பத்தைந்து.

அந்த நேரத்தில் சபாஸ்தியான் வந்தான். முன்பு கேப்டனுடைய கப்பலில் வேலை பார்த்தவன். செம்பும் கையுமாக நின்றவரைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"மூணு நாளா வீட்டுக்குக்கூடச் சரியா போகலையாமே! அப்படி என்ன வேலை கேப்டன்?"

அவன் தொட்டியை ஒருமுறை சுற்றிவந்தான். குனிந்து பார்த்தான்.

"போன மாசம் வந்தப்பப் பார்த்தேன். அதே பூ, அதே மீனு, அதே தண்ணி. எல்லாம் அப்படியேதான் இருக்கு."

கேப்டன் செம்பைக் கீழே வைத்தார். சுலைகாவைப் பார்த்தார்.

அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆமாண்ணே," என்றாள் சபாஸ்தியானிடம். "அதைத்தான் கேப்டன் செஞ்சாரு."